பழைய இரும்பில் செய்த எதிர்காலம்: ஜப்பான் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, ஒடைபா

டோக்கியோவின் நிஷிகசாயில் அக்கா மகன் கதிர் வீட்டில் பெட்டியை வைத்த கையோடு ஒடைபாவுக்குக் கிளம்பிவிட்டோம். டோக்கியோ விரிகுடாவில் மண் கொட்டி உண்டாக்கிய தீவு அது. டைவர்சிட்டி என்ற வணிக வளாகத்தின் முன்திடலில் கன்டம் என்ற கார்ட்டூன் கதை வரிசையின் ராட்சத ரோபோக்களில் ஒன்றான யூனிகார்ன் கன்டம் நிற்கிறது. உயரம் 19.7 மீட்டர். கதையில் அந்த ரோபோவுக்கு என்ன உயரமோ, அதே உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் இங்கே வந்தது. அதற்கு முன் இதே இடத்தில் நின்றது 1979-ல் தொலைக்காட்சியில் வந்த முதல் கன்டம், 18 மீட்டர்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் போல்ட் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமாகக் கழற்றுவது என்றுதான் கண் முதலில் தேடும். ஜப்பானியக் கார்ட்டூன் படங்களான அனிமேயும் சித்திரக் கதைகளான மாங்காவும் சின்ன வயதிலிருந்து என்னை இழுத்ததற்கு அதுதான் காரணம். இல்லாத ஒரு இயந்திரத்தை வரைந்து, அதற்கு எடை உண்டு, எண்ணெய் ஊற்ற வேண்டும், தேய்ந்து போகும் என்று நம்ப வைக்கிறார்களே, அது எப்படி? அதை அந்தந்த ஊரிலேயே போய்ப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

மாலை 5 மணிக் காட்சிக்கு இருட்டிவிட்டது. இசை தொடங்கியதும் கதிர் என் தோளைத் தட்டினான். "மாமா, கொம்பை மட்டும் பாருங்க." நெற்றியில் இருந்த ஒற்றைக் கொம்பு நடுவில் பிளந்து இரண்டாக விரிந்தது. முகமூடி விலகி இரண்டு கண்கள் தெரிந்தன. தோள், இடுப்பு, முழங்கால் ஓரங்களில் வெள்ளைத் தகடுகள் நகர்ந்து வழிவிட, அந்த இடுக்குகளிலெல்லாம் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. தகடு நகரும் தூரம் அதிகமில்லை. ஆனால் அது நகர்ந்த பிறகு மொத்த உடலின் கோடுகளும் மாறிவிடுகின்றன. சாதுவாக நின்ற உருவம் சண்டைக்கு நிற்கிறது.

இதை வடிவமைத்தவர் ஹஜிமே கடோகி. பழைய கன்டங்களையே எடுத்து, தகடுகளுக்கு நடுவே இருக்கும் கோடுகளைத் திருத்தி, சின்னச் சின்ன எச்சரிக்கை எழுத்துகளை ஒட்டி நிஜமான போர் விமானம் போல ஆக்குவதில் பேர் வாங்கியவர். காட்சி முடிந்ததும் காலடிக்குப் போய் அண்ணாந்து அந்த எழுத்துகளைத்தான் தேடினேன். கணுக்காலில் இருக்கின்றன, கெண்டைக்காலில் இருக்கின்றன. கீழே நின்று ஒரு மெக்கானிக் படிக்க வேண்டிய உயரத்தில் படிக்கும் அளவுக்கு, மேலே போகப் போகப் புள்ளியாக. 19.7 மீட்டர் என்று பலகையில் படிப்பது ஒன்று. அந்தப் பொடி எழுத்தை வைத்து கண்ணே உயரத்தை அளந்துகொள்வது வேறு.

ஏழாவது மாடியில் கன்டம் பிளாஸ்டிக் மாடல் கடை இருக்கிறது. கூட்டம் தாங்கவில்லை, சீக்கிரம் இறங்கிவிட்டோம்.

ஞாயிறு, இனாகி

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த நாள் இது. சுற்றுலாப் புத்தகங்களில் இனாகி பெரும்பாலும் இருக்காது. தச்சிகாவாவில் மாறி நம்பு லைனில் இனாகி நகனுமா என்ற ஸ்டேஷனில் இறங்க வேண்டும். டோக்கியோவின் மேற்குப் புறம். பேரிக்காய்க்கும் திராட்சைக்கும் பேர்போன ஊர். வீடுகளுக்கு நடுவே இன்னும் தோட்டங்கள் இருக்கின்றன.

குனியோ ஒகாவாரா 1947-ல் பிறந்தது இந்த ஊரில். ஜப்பானிய அனிமேயில் இயந்திரங்களை மட்டுமே வடிவமைக்க ஒரு ஆள், அவர் பெயர் தனியாகத் திரையில் வரும் என்ற வழக்கமே அவரிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். படித்தது துணி வடிவமைப்பு. ஆடைக் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு 1972-ல் தட்சுனோகோ ஸ்டுடியோவில் சேர்ந்தார். அங்கே கட்சாமான் தொடருக்கு இயந்திரங்கள் வரையும் வேலை வந்தது. ஏழு வருடம் கழித்து கன்டம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கன்டமும் ஸாகுவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கன்டத்தைப் பார்த்து போட்டோ எடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்தார்கள். நான் ஸாகுவின் முன்னால்தான் நின்றேன்.

ஸாகு எதிரிப் படையின் இயந்திரம். கன்டம் அப்படி அல்ல, பொம்மைக் கம்பெனி விற்க வேண்டிய சரக்கு. அதனால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கடைக்காரர் கண்ணில் படும் நிறங்கள் அதற்கு வந்து சேர்ந்தன. எதிரியின் பொம்மையை யாரும் விற்கப் போவதில்லை என்று அப்போது நினைத்ததால் ஸாகு விஷயத்தில் ஒகாவாராவுக்கு யாரும் நிபந்தனை போடவில்லை. இயக்குநர் தோமினோ கேட்டது ஒன்றே ஒன்று, ஒற்றைக் கண். மீதியெல்லாம் ஒகாவாராவின் விருப்பம். அந்தச் சுதந்திரம் அதன் உடம்பு முழுக்கத் தெரிகிறது. மங்கிய பச்சை. வலது தோளில் ஒரு கேடயம், இடது தோளில் முட்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வாயிலிருந்து கிளம்பிப் பின்னால் போகும் தடித்த குழாய். இடுப்பிலும் காலிலும் அதே குழாய். தோட்டத்து மோட்டாரில் மாட்டிய வளையல் ஹோஸ் மாதிரி, வளையம் வளையமாக.

அந்தக் குழாய் எனக்குப் பெரிய விஷயம். ஒரு இயந்திரத்தின் வெளியே குழாய் ஓடினால், உள்ளே இடம் போதவில்லை என்று அர்த்தம், உள்ளே ஏதோ ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்றும் அர்த்தம். அறுந்தால் நின்றுவிடும். ஒரே ஒரு குழாயை வெளியே விட்டதில் அந்த உருவத்துக்கு உள்ளுறுப்பு முழுக்க வந்துவிட்டது. கன்டத்தின் மார்புக்குள் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ஸாகுவைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அதே ஸ்டேஷன் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது: ஸ்கோப்டாக். 1983-ல் வந்த வோட்டம்ஸ் தொடரின் இயந்திரம், முழு அளவில். கதையிலேயே அது நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். அதனால் முழு அளவுச் சிலை ஒரு லாரியின் உயரத்தில் முடிந்துவிடுகிறது. கதிர் கொஞ்சம் ஏமாந்த மாதிரி பார்த்தான்.

"இவ்ளோதானா மாமா?"

"இவ்ளோதான்டா மாப்ள. அதுதான் அதோட பெருமை. பக்கத்துல போய் நில்லு."

நின்றான். அவன் தலை அதன் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. அப்போதுதான் அவனுக்கும் புரிந்தது. 18 மீட்டர் ரோபோவின் பக்கத்தில் மனிதன் எறும்பு. இதன் பக்கத்தில் மனிதன் ஓட்டுநர். ஏறலாம், இறங்கலாம், சாய்ந்து நின்று சாப்பிடலாம். முகம் என்று ஒன்று இல்லை. வட்டத் தகட்டில் மூன்று லென்ஸ். தேவைக்கு ஏற்றபடி அந்தத் தகடு சுழன்று வேறு லென்ஸ் முன்னால் வரும், பழைய சினிமா கேமராக்களில் இருந்த ஏற்பாடு. அந்தத் தகடே தலையில் பதித்த ஒரு தண்டவாளத்தில் பக்கவாட்டில் நகரும். ஓட்டுகிறவன் ஏற வேண்டும் என்றால் கால்கள் மடங்கி உடம்பு முன்னால் இறங்கும். தசைகளை இயக்குவது ஒரு திரவம். நாளாக ஆகக் கெட்டுப்போகும், மாற்ற வேண்டும். குண்டு பட்டால் தீப்பிடிக்கும். மாற்ற வேண்டிய திரவத்தைக் கதைக்குள் கொண்டுவந்து வைத்த இயக்குநர் ரியோசுகே தகஹாஷிக்கும் ஒகாவாராவுக்கும் பராமரிப்புத் துறையில் இருக்கும் எவரும் கைகொடுப்பார்கள்.

ஒகாவாரா மரத்திலும் உலோகத்திலும் தானே மாதிரி செய்கிறவர். ஒரு பொம்மை இன்னொன்றாக மாற வேண்டும் என்றால், காகிதத்தில் மட்டும் வரைந்து கொடுக்காமல் மரத்தில் செய்து, இப்படி மடங்கும், இப்படி நீளும் என்று கம்பெனிக்காரர்கள் முன்னால் மடக்கிக் காட்டுவார். மடங்காத கீலை வரைந்து ஏமாற்ற அவருக்கு வழியே இல்லை. வரைபடப் பலகையை விட்டு எழுந்து பட்டறைக்குப் போகாதவர்கள் போடும் படங்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊரின் சின்னமான பேரிக்காய்த் தலைப் பொம்மை இனாகி நனோசுகேவையும் ஒகாவாராதான் வரைந்து கொடுத்திருக்கிறார். கதிர் தங்கைக்கு ஒன்று வாங்கினான்.

திங்கள், ஜிம்போச்சோ, தகதனோபாபா, நகானோ

மூன்றும் டோசாய் லைனை ஒட்டியவை. குடான்ஷிதாவில் இறங்கி நடந்தால் ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகள். அங்கே ஒரே ஒரு புத்தகத்தைத் தேடினேன், கிடைத்தது. ராபர்ட் ஹைன்லைன் 1959-ல் எழுதிய ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் என்ற விண்வெளிப் படைவீரர் நாவலின் ஜப்பானியப் பாக்கெட் பதிப்பு, ஹயகாவா வெளியீடு, 1977. எழுத்துக்காக இல்லை, அட்டைக்காகவும் உள்ளே இருக்கும் படங்களுக்காகவும். சிப்பாய் உடம்பில் மாட்டிக்கொள்ளும் கவச உடையை வடிவமைத்தவர் ஸ்டுடியோ நுயே என்ற வடிவமைப்புக் குழுவின் கசுதகா மியாதகே. தீட்டியவர் நவோயுகி கடோ. கூன் விழுந்த முதுகு, தடித்த கால்கள், முகம் என்று ஒன்று இல்லாத தலை. அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் கவலைப்படவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் எப்படி மூச்சு வாங்கும் என்பது படத்திலேயே தெரிகிறது. கன்டம் உருவாகும்போது அதன் குழு இந்தப் படங்களைப் பார்த்துப் பேசியிருக்கிறது. மனிதன் உள்ளே ஏறி ஓட்டும் போர் இயந்திரம் என்ற யோசனை, ஒரு நாவலிலிருந்து ஓவியத்துக்கும் ஓவியத்திலிருந்து தொலைக்காட்சிக்கும் நடந்து போன பாதை இந்தச் சின்னப் புத்தகத்தின் வழியாகத்தான் போகிறது. பக்கங்கள் பழுத்து ஓரம் உதிர்கின்றன. உறைக்குள் போட்டுக் கொடுத்தார்கள்.

தகதனோபாபாவில் பத்து நிமிஷம் போதும். ஜேஆர் ரயில் பாலத்துக்கு அடியில் மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவின் பாத்திரங்கள் வரிசையாக வரைந்த சுவர் இருக்கிறது. பிளாட்பாரத்தில் ரயில் கிளம்பும்போது அவருடைய ரோபோச் சிறுவன் ஆஸ்ட்ரோ பாயின் பாட்டு மெட்டு ஒலிக்கும். கதைப்படி ஆஸ்ட்ரோ பிறந்தது இந்தப் பகுதியில், 2003 ஏப்ரல் 7-ஆம் தேதி. கன்டம் முதலில் ஒளிபரப்பானது 1979 ஏப்ரல் 7. யமாட்டோ போர்க்கப்பல் மூழ்கியது 1945 ஏப்ரல் 7. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனாலும் இந்தத் தேதி எனக்குப் பிடித்திருக்கிறது.

நகானோ பிராட்வே 1966-ல் கட்டிய கட்டடம். பழைய மாங்காவும் பொம்மையும் விற்கும் மாண்டரகே கடைகள் மாடிக்கு மாடி பிரிந்து கிடக்கின்றன. ஒன்றில் பழைய செல்கள் விற்கிறார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அனிமேயின் ஒவ்வொரு படச் சட்டமும் இந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்தான் உருவானது. முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். ஒரு இயந்திரக் கை லீவரைப் பிடித்திருக்கும் செல் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துத் திருப்பிக் காட்டினார். எந்தத் தொடர் என்று உறையில் எழுதியிருக்கவில்லை. முன்னால் பார்த்தால் வழவழப்பான உலோகம். நிழல், நடுநிறம், பளபளப்பு என்று மூன்றே சாம்பல் நிறம். பின்னால் திருப்பினால் திட்டுத் திட்டாகப் பெயிண்ட், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மேடும் பள்ளமும். மிக நுணுக்கமான பளபளப்பு முதலில் தீட்டியது. பெரிய பரப்பு கடைசியாக. மூலையில் பென்சில் எண். உறையைத் திறந்தபோது லேசான காடி வாசனை. அந்த பிளாஸ்டிக் நாளாக நாளாக அப்படித்தான் சிதையும். அதையே வாங்கிக்கொண்டேன்.

மூன்று சாம்பலில் உலோகத்தைக் காட்டுவது இவர்கள் கண்டுபிடித்த வித்தைகளில் ஒன்று. வெளிச்சம் இன்னொன்று. ரோபோவின் கண், ராக்கெட்டின் வால், லேசர், இதெல்லாம் பெயிண்ட் இல்லை. வெளிச்சம் வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மீதியைக் கறுப்பால் மூடிய தாளைக் கீழிருந்து விளக்கு போட்டு, அதே ஃபிலிமில் இரண்டாவது முறை படம் பிடிப்பார்கள். வண்ணத்தால் எட்ட முடியாத பிரகாசம், நிஜமான வெளிச்சமே ஃபிலிமில் பட்டதால் வந்தது. ஓரம் தானாகவே கொஞ்சம் கசியும். இப்போது கம்ப்யூட்டரில் அந்தக் கசிவை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

1988-ல் வந்த அகிரா படத்தில் மோட்டார் சைக்கிளின் பின் விளக்கு இருட்டில் கோடாக நீள்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரவு நகரத்தை அத்தனை நேரம் திரையில் வைத்திருக்க கட்சுஹிரோ ஒடோமோவின் குழுவுக்கு நிறைய இருட்டு நிறங்கள் தேவைப்பட்டன. அதன் பின்னணிக் கட்டடங்களைத் தீட்டியது போஸ்டர் கலரில். நம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்புக்கு வாங்குவோமே, அதே வகை. அந்தப் படத்து நகரமான நியோ டோக்கியோவின் கோபுரங்கள் புத்தம் புதியவை அல்ல. குழாய் வெளியே ஓடும், சுவர் கறை படிந்திருக்கும், கீழே குப்பை.

அடுத்த அலமாரியில் 1995-ல் மமோரு ஒஷி எடுத்த கோஸ்ட் இன் த ஷெல் படத்தின் பின்னணி ஓவியங்கள் அடங்கிய தொகுப்பு ஒன்று. ஹிரோமாசா ஒகுராவின் தலைமையில் தீட்டியவை. எதிர்கால நகரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி அன்றைய ஹாங்காங். தெருவை மறைக்கும் பெயர்ப்பலகைகள், ஈரம் ஊறிய பழைய அடுக்குமாடிகள், கூரையை உரசுவது போலப் போகும் விமானம். அப்படி விமானம் இறங்கிய காய் டக் விமான நிலையம் 1998-ல் மூடப்பட்டது. எதிர்காலம் என்று வரைந்து வைத்தது இன்றைக்கு ஒரு பழைய நகரத்தின் ஆவணமாகவும் இருக்கிறது. கடை மூடும் வரை அந்தப் பக்கங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய், ஷிசுவோகா

கோபே போகும் வழியில் சில மணி நேரம். தமியா, பண்டாய், அவோஷிமா, ஃபுஜிமி என்று பிளாஸ்டிக் மாடல் செய்யும் பெரிய பெயர்கள் எல்லாம் இந்தப் பகுதியில்தான். தமியா தொடங்கியது மர வியாபாரத்தில். மரப் பொம்மை செய்த ஊர், பின்னால் பிளாஸ்டிக்குக்கு மாறியது. தெருவில் மாடல் பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தின் வடிவத்தில் பெரிய சின்னங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு தபால் பெட்டியும் அப்படிச் சட்டத்துக்குள் பாகம் பாகமாக நிற்கிறது.

கன்டம் மாடல் முதலில் வந்தது 1980 ஜூலையில், விலை 300 யென், அளவு 144-ல் ஒரு பங்கு. 18 மீட்டரை 144-ஆல் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர், பையன்களின் உள்ளங்கையில் நிற்கும். தொலைக்காட்சியில் தொடர் எதிர்பார்த்த வரவேற்பு இல்லாமல் 43 வாரத்தோடு முடிந்துபோயிருந்தது. அதை உயிரோடு வைத்திருந்ததில் மறு ஒளிபரப்புக்கும் இந்தப் பெட்டிகளுக்கும் பெரிய பங்கு. யாரும் வாங்க மாட்டார்கள் என்று நினைத்த ஸாகுவும் பெட்டி பெட்டியாக விற்றது. ஸ்டேஷனுக்கு எதிரில் உள்ள கண்காட்சி அறையில் ஒரே சட்டத்தில் நாலு நிறம் வார்த்த பாகங்களைப் பார்த்தேன். ஒரே அச்சில் நாலு நிறப் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று கலக்காமல் ஓட வேண்டும். அச்சு வடிவமைப்பு தெரிந்தவர்கள் அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

புதன், கோபே

ஷின் நகதா ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. வகமட்சு பூங்காவில் இரும்பு மனிதன் எண் 28, டெட்சுஜின், வலது கையை வானத்துக்கு ஓங்கி, கால்களை அகட்டி நிற்கிறான். நிமிர்ந்து நின்றால் 18 மீட்டர், இந்த நிலையில் 15 மீட்டர் சொச்சம், எடை சுமார் 50 டன். முழுக்க இரும்புத் தகடு. ஒடைபா கன்டத்தின் பக்கத்தில் வைத்தால் இவன் முட்டாள்தனமாகத் தெரிவான்: பீப்பாய் உடம்பு, கூரான மூக்கு, தலைக் கவசத்தின் இடுக்கில் இரண்டு கண். எனக்கு இவனைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. தகடும் தகடும் சேரும் இடத்தில் ரிவெட் தலைகள் வரிசையாகத் தெரிகின்றன. கப்பல் கட்டும் ஊர்க்காரன் வரைந்த ரோபோ இது.

மிட்சுதெரு யோகோயாமா 1934-ல் கோபேயில் பிறந்தார். போரில் விமானக் குண்டுகளால் எரிந்துபோன கோபேயைச் சிறுவனாகப் பார்த்தவர். 1956-ல் அவர் தொடங்கிய கதையில் டெட்சுஜின், ராணுவம் போர்க் காலத்தில் ரகசியமாகச் செய்த ஆயுதம். போர் முடிந்துவிட்டது, ஆயுதம் மிச்சம். அதற்குச் சொந்த புத்தி இல்லை. இரண்டு லீவர் வைத்த ஒரு பெட்டி. அது யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடி கேட்கும். சிறுவன் ஷோதாரோ கனேதா கையில் இருந்தால் ஊரைக் காக்கும், திருடன் கையில் போனால் அதே ஊரை இடிக்கும். கதையின் பயம் முழுக்க அந்தப் பெட்டியில் இருக்கிறது. தெசுகாவின் ஆஸ்ட்ரோவும் அதே மாதப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தான். அவன் அழுவான், கோபப்படுவான், தப்பு சரி யோசிப்பான். இவனுக்கு அதெல்லாம் கிடையாது. ஒரு இயந்திரத்தை இயந்திரமாகவே விட்டுவிட்ட துணிச்சல் யோகோயாமாவுடையது.

அகிரா கதையில் வரும் கனேதாவின் முழுப்பெயரும் ஷோதாரோ கனேதாதான். அகிராவின் எண் 28. ஒடோமோ சின்ன வயதில் படித்த இந்தக் கதைக்குச் செய்த மரியாதை அது. யார் கையிலும் அடங்காத ஒரு ஆயுதம் நகரத்தை எரிக்கும் கதையை எழுத உட்கார்ந்தபோது, அவர் போய்த் தொட்டது இந்த இரும்பு மனிதனை.

1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் நகதா வட்டாரம் கடுமையாக எரிந்தது. செயற்கைத் தோல் காலணி செய்யும் சின்னப் பட்டறைகள் நெருக்கமாக இருந்த இடம். வீடு கட்டி, கடை கட்டி முடித்த பிறகும் ஆள் வரவில்லை. கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பணம் திரட்டி 2009-ல் இந்தச் சிலையை நிறுத்தினார்கள். நான் போனபோது கால்களுக்கு நடுவே பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கணுக்காலில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் சுட்டது, நிழல் பக்கம் சில்லென்று இருந்தது. இது கண்ணாடி இழையோ பிளாஸ்டிக்கோ இல்லை, நிஜ இரும்பு.

கடைத்தெருவில் சோபமேஷி சாப்பிட்டேன். நூடுல்ஸையும் சோற்றையும் இரும்புக் கல்லில் ஒன்றாகக் கொத்திப் போடுவது, இந்த வட்டாரத்துச் சாப்பாடு. கொத்தும் சத்தம் கேட்டதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

வியாழன், தகராசுகா

ஒசாமு தெசுகா ஐந்து வயதிலிருந்து வளர்ந்த ஊர். 1994-ல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தின் வாசலில், அவர் கதையில் வரும் நெருப்புப் பறவை. உள்ளே கண்ணாடிக் குடுவை போன்ற பெட்டிகளில் கையெழுத்துப் பிரதிகள், சின்ன வயதுப் பொருள்கள். பிற்பாடு வந்த விஞ்ஞானக் கதை மாங்காவுக்கெல்லாம் வழிபோட்டவை அவருடைய ஆரம்பகால நூல்கள்: 1948-ல் தொலைந்த உலகம், 1949-ல் மெட்ரோபொலிஸ், 1951-ல் வரப்போகும் உலகம்.

நான் நின்றது பூச்சிப் படங்களின் முன்னால். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது இந்த மலையடிவாரத்தில் பூச்சி பிடித்து வரைந்தவை. வண்டின் முதுகுத் தகடு, கால் கணுக்கள், உணர்கொம்பின் கண்டங்கள், அத்தனையும் அச்சிட்ட படம் போல. ஒரு கால் எத்தனை துண்டு, எந்தத் துண்டு எந்தப் பக்கம் மடங்கும் என்று அந்த வயதிலேயே கையில் ஏறியிருக்கிறது. ஆஸ்ட்ரோவின் உடம்பு வழவழவென்று ரப்பர் போல இருப்பதாகவே இதுவரை நினைத்து வந்தவன் நான். இனி அவன் மார்புக் கதவு திறக்கும் பக்கங்களைப் பார்த்தால் இந்த வண்டுகள்தான் நினைவுக்கு வரும்.

கீழ்த்தளத்தில் குழந்தைகள் தாங்களே வரைந்து அசைய வைக்கும் அறை உண்டு. மழை. சீக்கிரம் திரும்பினேன்.

வெள்ளி, கொக்குரா

விண்வெளிக் கதைகள் வரைந்த மாங்கா ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ 2023 பிப்ரவரியில் காலமானார். அவர் வளர்ந்த ஊர் கொக்குரா. ஸ்டேஷனின் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வாசலில் அவருடைய கதை நாயகன் கேப்டன் ஹார்லாக் சிலையாக நிற்கிறார். கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999 கதையின் மேடெலும் டெட்சுரோவும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் நாமும் உட்காரலாம். இரண்டு நிமிஷம் தள்ளி, அருஅரு சிட்டி கட்டடத்தின் ஐந்தாவது, ஆறாவது மாடிகளில் கிதக்கியூஷூ மாங்கா அருங்காட்சியகம்.

அவர் வரைந்த விண்வெளி வண்டிகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 999 நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடும் ரயில். வெளியே பார்த்தால் சி62 நீராவி இன்ஜின், கரி போடும் பெட்டி உட்பட. 1974-ல் வந்த யமாட்டோ, கடலடியில் துருப்பிடித்துக் கிடந்த போர்க்கப்பலை எடுத்து விண்கலமாக்கியது. ஹார்லாக்கின் ஆர்கேடியா இன்னும் ஒரு படி மேலே: முன்பக்கம் உலோக விண்கலம், பின்பக்கம் பாய்மரக் கப்பலின் மர மாடம், ஜன்னலும் விளக்கும் வைத்து. காற்றே இல்லாத இடத்தில் அந்த மாடத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் அந்தக் கப்பலில் ஒரு மனிதன் வசிக்கிறான், தனியாகக் குடிக்க அவனுக்கு ஒரு அறை வேண்டும் என்பது அதைப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது.

இந்த நகரத்திலிருந்து இளைஞனாக ரயிலேறி டோக்கியோவுக்குப் போனவர் மட்சுமோட்டோ. அந்த ரயில்தான் 999. பொறியியல் கணக்குப்படி நட்சத்திர ரயில் நீராவி இன்ஜினாக இருக்கக் கூடாது. ஆனால் ஊரை விட்டுப் போகும் ஒரு பையனுக்கு ரயில் என்றால் அப்போது அதுதான். கதைக்குள் அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறார்: வெளித்தோற்றம் மட்டுமே பழசு, பயணிகளுக்கு மனசு தாங்குவதற்காக.

பிறகு அந்த மீட்டர்கள். ரசிகர்கள் லெய்ஜி மீட்டர் என்றே சொல்வார்கள். எந்த விண்கலத்தின் ஓட்டுநர் அறையை வரைந்தாலும் சுவர் முழுக்க வட்ட வட்ட மீட்டர், தரையிலிருந்து கூரை வரை, இருட்டில் மினுக்கிக்கொண்டு. அவர் அப்பா ராணுவ விமானி. அந்த விமானங்களின் அறைகள் அப்படித்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் ஒரு மூலப் பக்கத்தைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். வட்டங்கள் அளவில் ஒன்றுக்கொன்று வேறு. சிலதில் ஒரு ஊசி, சிலதில் இரண்டு. ஊசிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில். ஒரே கோணத்தில் எல்லா ஊசியும் நின்றிருந்தால் இயந்திரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். இங்கே ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, ஒன்று சிவப்புக் கோட்டைத் தொடப் போகிறது. அசையாத ஒரு கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் திரை வந்த பிறகு வரைந்த விண்கலங்கள் பலவற்றில் இந்த உயிர் இல்லை என்பது என் அபிப்பிராயம். தட்டையான நீலத் திரையில் எண் மாறினால் எதுவும் ஓடுவதாக எனக்குத் தோன்றுவதில்லை.

கதிருக்கு ஸ்டேஷன் கடையில் வாங்கிய அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"மாமா, இத்தனை மீட்டர் எதுக்கு? யாரு பார்ப்பா?"

"எங்க பம்ப் ஹவுஸுக்கு வந்து ஒரு நாள் நில்லுடா மாப்ள. யாரும் பார்க்க மாட்டாங்க. ஒண்ணு தப்பாக் காட்டினா மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க."

வருகிறவர்களுக்கு: அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. வாசிக்கும் பகுதியில் எடுத்துப் படிக்க ஆயிரக்கணக்கில் மாங்கா இருக்கிறது, அரை நாளாவது ஒதுக்குங்கள். ஸ்டேஷனுக்குள்ளிருந்தே கிளம்பும் மோனோரயிலில் ஒரு வண்டிக்கு 999 படம் ஒட்டியிருக்கிறார்கள். அது எப்போது வரும் என்று கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். இங்கிருந்து ஹகாதாவுக்கு ஷின்கான்சென்னில் கால் மணி நேரம், அங்கிருந்து ஃபுகுஓகா விமான நிலையம் சுரங்க ரயிலில் இரண்டே ஸ்டேஷன். என் விமானம் நாளை காலை.